ஆசாரியார் கண் எழுதாத பொம்மைகள்

ஆசாரியார் என் கையில் தந்த முதற் பொம்மைக்குக் கண்ணைத் தவிர எல்லாம் இருந்தது. ஒரு சாண் உயரம், அதில் அரைவாசிக்குத் தலை. வழுக்கை, புடைத்த மூக்கு, வெற்றிலை அடக்கிய வலது கன்னம், கக்கத்தில் குடை, மற்றக் கையில் வயிறு வீங்கிய தோற்பை. கலியாணத் தரகர் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் அரத்தாளால் தேய்த்து மினுக்கிய இரண்டு மேடுகள், வெறும் வேப்பமரம். அதை என் முன்னால் மேசையில் வைத்து, "இனி உம்மடை பாடு" என்று சொல்லிவிட்டு, தன் வாங்குப் பலகையில் போய் இருந்து அடுத்த கட்டையை எடுத்தார். ஒரு பொம்மையை அவ்வளவு தூரம் கொண்டுவந்த மனிதர் கடைசி இரண்டு புள்ளிகளை ஏன் இன்னொருவனிடம் விடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வேலைக்கு வந்த முதல் நாள் ஆகையால் வாயை மூடிக்கொண்டு தூரிகையை எடுத்தேன்.

நான் குருநகர் ஆள். அதுவரை எங்கள் தேவாலயங்களில் சுரூபங்களுக்கு வர்ணம் புதுப்பித்தும், வள்ளங்களுக்குப் பெயர் எழுதியும் பிழைத்தவன். கணினியில் வெட்டி ஒட்டுகிற எழுத்து வந்தபிறகு வள்ளக்காரர் என்னைத் தேடுவது குறைந்துவிட்டது. புனிதர்களுக்கோ வருடத்தில் ஒரு திருநாள்தான். மருதனார்மடம் சந்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் மரத்தில் கேலிப் பொம்மைகள் செய்கிறார்கள், அங்கே கண் எழுத ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சைக்கிளில் போனேன். கண் எழுத மட்டும் தனியாக ஓர் ஆளா என்று வழி முழுக்க யோசித்தேன். சட்டை, வேட்டி, சேலைக் கரை எல்லாவற்றையும் அங்கே இரண்டு பெண்பிள்ளைகள் அழகாகப் பூசிக்கொண்டிருந்தார்கள். பட்டறையை நடத்திய முதலாளியக்கா என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், "ஆசாரியார் கண் எழுதமாட்டார். ஏனெண்டு கேக்காதையுங்கோ. இந்தப் பிள்ளையள் எழுதினால் எல்லாம் சந்தை மீன் மாதிரி முழிக்குது" என்றார்.

தரகருக்குக் கண் எழுதினேன். வெள்ளை பூசிக் காயவிட்டு, மண்ணிறம் வைத்து, நடுவில் கறுப்பு, கறுப்பின் ஓரத்தில் ஊசிமுனையளவு வெளிச்சப் புள்ளி. இருபது வருடப் பழக்கம், கை தானாகவே போனது. முடித்துப் பெருமையோடு நீட்டினேன். ஆசாரியார் மூக்குக்கண்ணாடியை இறக்கி விட்டுப் பார்த்தார். பெண்பிள்ளைகள் அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். தரகர் குடையும் தோற்பையுமாக வானத்தை அண்ணாந்து பார்த்து உருகிக்கொண்டு நின்றார். என் கை அறிந்த கண் அது ஒன்றுதான். வேதத்துக்காக உயிர்விட்ட செபஸ்தியாராக இருந்தாலும் சூசையப்பராக இருந்தாலும் கறுமணியை மேலே ஏற்றித்தான் நான் எழுதியிருக்கிறேன். "பெயின்ரர், உவர் கலியாணத் தரகர். வேதசாட்சி இல்லை" என்றார் ஆசாரியார். அவர் சிரிக்கவில்லை. அதனால் மற்ற எல்லோரும் இன்னும் கூடச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சந்தைக்குள் போய் நிற்பேன். மனிதர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. கத்தரிக்காய் விற்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, கையிலிருக்கிற பையைப் பார்த்து விலை சொல்கிறார். பென்சன்காரர் பேரம் பேசும்போது காயைப் பாராமல் தராசு முள்ளைப் பார்க்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்த்துவிட்டுத் தன் போனைப் பார்க்கிறார். திரும்பி வந்து சொன்னால் ஆசாரியார் உளியை நிறுத்தாமலே கேட்பார். "தரகர் ஆளைப் பாக்காது பெயின்ரர். உம்மடை வீட்டுக் கூரையைப் பாக்கும், ஓடோ தகரச் சீற்றோ எண்டு. கறுப்பை மேலை ஏத்தாமல் பக்கத்திலை ஒதுக்கும்." ஒதுக்கினேன். தரகர் தரகரானார். எங்கே எந்தக் கண் போகவேண்டும் என்பது நெல்லளவு பிசகாமல் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தூரிகையைத் தொடமாட்டார். என் தூரிகை உருண்டு அவர் காலடியில் விழுந்தால்கூட எடுத்துத் தரமாட்டார். காலை ஒதுக்கிக்கொண்டு, "உம்மடை சாமான் கிடக்குது" என்று காட்டுவார்.

காரணத்தை அவரே ஒருநாள் சொன்னார். நான் கேட்கவில்லை. தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார், பிறகு ஒருபோதும் திருப்பிச் சொல்லவுமில்லை. அவருக்குச் சண்டிலிப்பாய். பரம்பரையாகக் கோயில் வாகனங்கள் செய்கிற குடும்பம். நான் பட்டறைக்கு வருவதற்கு மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு கோயிலுக்குக் குதிரை வாகனம் செய்யக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கோயிலின் பெயர் இங்கே வேண்டாம். இலுப்பை மரம் தேடி, அறுத்து, காயவைத்து, பதினொரு மாதம் அந்தக் குதிரையோடு கிடந்தார். வாகனத்துக்கோ விக்கிரகத்துக்கோ கடைசியாகச் செய்வது கண் திறக்கும் சடங்கு. செய்த ஆசாரிதான் அதைச் செய்யவேண்டும், அது அவனுடைய உரிமை. திரை பிடித்திருக்க, குளித்து விரதமிருந்து வந்தவன் உள்ளே போய்க் கறுமணியை எழுதுவான். திரையை எடுத்ததும் அந்தக் கண்ணுக்கு முதலில் கண்ணாடியும் பசுவும் காட்டுவார்கள். அதுவரை அது மரம்.

அந்த நேரத்தில் அதே கோயிலில் கோபுர வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்த ஒரு ஸ்தபதி தங்கியிருந்தாராம். கோயில் மனேச்சருக்கு அவர் கையால் கண் திறந்தால் நாலு ஊருக்குப் பெருமை என்று பட்டிருக்கிறது. ஆசாரியாருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் விடியற்காலையில் முழுகி, புது வேட்டி கட்டி, அணில் வால் மயிரில் தானே கட்டிய தூரிகையோடு வசந்த மண்டபத்து வாசற் தூணடியில் நின்றார், கூப்பிடுவார்கள் என்று. திரை பிடித்தார்கள். மேளம் எழும்பியது. திரையை எடுத்தார்கள். குதிரைக்குக் கண் இருந்தது. "மனேச்சர் எனக்கு நேரை, நாலு முழத்திலை நிண்டவர். கையைத் தலைக்குமேலை கூப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு நிண்டவர். மேளம் நிக்குமட்டும் திறக்கேல்லை" என்றார். குதிரையின் முகத்தைப் பார்க்காமலே திரும்பி வந்திருக்கிறார். அந்தக் குதிரைக்குக் கண் திறக்கத் தன்னைக் கூப்பிடும்வரை வேறு ஒன்றுக்கும் கண் எழுதுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தார். கண் திறக்காத ஆசாரியிடம் யார் வாகனம் செய்யக் கொடுப்பார்கள்? வந்த வேலைகளைத் தானே மறித்தார். கடைசியில் ஒரு சாண் உயரத் தரகர்களுக்கும் மீன்காரிகளுக்கும் வந்து சேர்ந்தார்.

இதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அவர்மேல். நாலு பேர் ஒரு மரியாதையை மறந்துபோனால் அதற்காக ஒரு மனிதன் தன் தொழிலை முழுதாகப் பூட்டி வைப்பானா என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் வள்ளக்காரர் இரண்டுநாள் சண்டை பிடித்து மூன்றாம்நாள் ஒன்றாகக் கடலுக்குப் போவார்கள். பிறகு நாளாக ஆக, பக்கத்து வாங்கில் இருந்து பார்க்கப் பார்க்க, அது பிடிவாதம் மட்டும் இல்லை என்று விளங்கியது. அவர் யாரையும் திட்டியதில்லை. அந்தக் கோயிலில் திருவிழா என்று சந்தியில் ஒலிபெருக்கி போகும்போது உளியை இன்னும் கொஞ்சம் கவனமாகப் பிடிப்பார், அவ்வளவுதான். தன்னுடையது எது என்று தெரிந்த மனிதர், அது கைக்கு வரும்வரை நிற்கத் தீர்மானித்திருந்தார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதவேண்டும். அவர் கண் எழுதாததால்தான் எனக்கு அந்த வேலை. கோயில் என்றைக்காவது அவரைக் கூப்பிட்டால் அவர் தூரிகையைத் தொடுவார், அதற்குப் பிறகு பட்டறைக்கு நான் எதற்கு? என் மகள் அப்போது உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். வருடா வருடம் அந்தக் கோயிற் கொடியேற்றம் நெருங்கும்போது, இந்த முறையும் கூப்பிடமாட்டார்கள் என்று எண்ணி என் மனம் ஆறுதல்பட்டது உண்மை. பக்கத்தில் இருந்து ஒரே போத்தலில் தண்ணீர் குடித்துக்கொண்டே அப்படி எண்ணியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் ஏழாவது வருடத்தில் கனடாவிலிருந்து வந்த ஒரு பெண் பட்டறைக்குள் வந்தார். தகப்பனுக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள், ஒரு கேலிப் பொம்மை வேண்டும், பெரிசாக இரண்டு சாண் உயரத்தில் வேண்டும் என்றார். போனில் படங்களைக் காட்டினார். ஆசாரியார் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "உங்கடை அப்பா கோயில் மனேச்சரோ?" என்று கேட்டார். "ஓம், அப்பாவைத் தெரியுமோ?" என்று அந்தப் பெண் சந்தோஷப்பட்டார். "கண்டிருக்கிறன். செய்யலாம்" என்றார் ஆசாரியார். அவ்வளவுதான். அந்தப் பெண் போனபிறகு எனக்குக் கை பரபரத்தது. "ஆசாரியார், செய்யுங்கோ. கண்ணை என்னட்டை விடுங்கோ. அந்த மனிசன் ஆயுசுக்கும் மறக்காத கண் ஒண்டு நான் எழுதிறன்" என்றேன். கறுமணியை எங்கே ஒதுக்கினால் ஒருவன் கள்ளன் மாதிரித் தெரிவான் என்று அதற்குள் சந்தை எனக்குக் கற்றுத் தந்திருந்தது. அவர் கட்டை தேட எழும்பிப் போனார்.

பன்னிரண்டு நாள் அதைச் செய்தார். தொப்பையும் சால்வையும் கையிலே பட்டுக்குஞ்சம் கட்டிய சாவிக்கொத்துமாக ஒரு கோயில் மனேச்சரைத்தான் செய்வார் என்று எதிர்பார்த்தேன். பதின்மூன்றாம் நாள் மேசையில் வைத்தார். பெரிய தலை, சின்ன உடம்பு, தலைக்குமேலே கூப்பிய இரண்டு கைகள், முன்னே தள்ளிய வயிற்றில் இறுக்கிய சால்வை. முகம் அச்சொட்டாக அந்தப் படங்களில் பார்த்த முகம். இமைகள் இரண்டும் மூடியிருந்தன. வெறும் மூடல் அல்ல, திறந்துவிடக்கூடாது என்று இறுக்கிய மூடல். ஓரத்துச் சுருக்கங்களிலும் புருவ நடுவிலும் அந்த இறுக்கம் தெரிந்தது. எழுத எனக்கு ஒன்றுமில்லை. இமைமயிருக்கு இரண்டு கோடு இழுப்பது தவிர வேலை இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அந்தாளைத் தப்ப விட்டனீங்கள்?" என்று கேட்டேன். "தப்ப விடேல்லை. அண்டைக்கு அவர் நிண்ட மாதிரித்தான் செய்தனான். நான் கண்டது அதுதான். நீர் எழுத நினைச்ச கண்ணை நான் காணேல்லை" என்றார். கேலிப் பொம்மை என்றால் ஒருவரைப் பெருப்பித்துக் காட்டுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் பெருப்பித்தது தலையை மட்டும்தான்.

கனடாவிலிருந்து வந்த மகளுக்கு நல்ல சந்தோஷம். "அப்பா கும்பிடுறமாதிரியே கிடக்கு" என்று அணைத்துக்கொண்டு கொண்டுபோனார். அடுத்த கிழமை ஒரு பின்னேரம் பட்டறை வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. மனேச்சர் இறங்கினார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே வந்து பொம்மையை எடுத்து ஆசாரியாரின் வாங்கில் வைத்துவிட்டு, நாங்கள் நீட்டிய கதிரையில் இருக்காமல் நின்றார். பெண்பிள்ளைகள் தூரிகையை வைத்துவிட்டார்கள்.

"எல்லாரும் சிரிச்சவை. பேரப்பிள்ளையள் தாத்தா நித்திரை எண்டு சொல்லுதுகள்" என்றார் மனேச்சர்.

"நித்திரை இல்லை" என்றார் ஆசாரியார்.

"தெரியும். எந்த நாள் எண்டும் தெரியும்." பொம்மையைத் தன் பக்கம் திருப்பினார். "நீ தூணடியிலை நிக்கிறது எனக்குத் தெரியும். உன்ரை முகத்தைப் பாத்தால் கூப்பிடவேண்டி வரும். அதுதான் மூடினனான்."

மனேச்சர் பொம்மையின் முகத்தை விரலால் தொட்டு, "உதுக்குக் கண்ணைத் திறந்துவிட ஏலாதோ?" என்று கேட்டார்.

"ஏலாது. இமை செதுக்கினால் பேந்து கண்ணுக்கு மரம் மிச்சம் இராது."

"சரி. குதிரைக்கு இந்தமுறை வர்ணம் புதுப்பிக்கிறம். கண் திறக்க நீர் வாரும்."

ஏழு வருடமாக நான் பயந்த சொல் அது. ஆசாரியார் உளியைத் துடைத்து வைத்தார். "வாறன். ஆனால் இஞ்சை வந்து கூப்பிட்டது காணாது, ஐயா. அண்டைக்கு நிண்ட அதே தூணடியிலை வந்து நிப்பன். அங்கை வந்து, எல்லாருக்கும் கேக்கக் கூப்பிடுங்கோ. கூப்பிடாட்டில் நான் திரும்பிப் போறன். அதுக்குப் பிறகு இந்தக் கதையை விட்டுவிடுவம்." மனேச்சர் பொம்மையைப் பையில் வைத்துக்கொண்டு போய் ஓட்டோவில் ஏறினார்.

அந்த நாளுக்கு என்னையும் வரச்சொன்னார். மைச் சிரட்டை பிடிக்க ஆள் வேண்டும், தன் மகன் கொழும்பில் என்றார். சைவக் கோயிலுக்குள் ஆண்கள் மேலுடுப்பைக் கழற்றவேண்டும். என் கழுத்தில் சிலுவைச் சங்கிலி. மனைவியின் தமையனிடம் இரவல் வாங்கிய சால்வையை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு போனேன். ஆசாரியார் பார்த்துவிட்டு, "உமக்கென்ன தடிமன் காய்ச்சலோ?" என்று மட்டும் கேட்டார். தூணடியில் நின்றோம். சனம் நிறைந்திருந்தது. வர்ணக்காரர் குதிரையைப் புதுப்பித்து முடித்திருந்தார்கள். கண்ணை அவர்கள் தொடுவதில்லை, முகத்துக்கு ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். மனேச்சர் உள்ளே குருக்களோடு நின்றார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. திரை வந்தது. மேளக்காரர் தயாரானார்கள். எனக்கு வியர்த்துச் சால்வை ஒட்டியது. ஏழு வருடம் கூப்பிடவேண்டாம் என்று எண்ணிய நான், அந்த வேளையில் எங்கள் அந்தோனியாரையும் அவர்கள் பிள்ளையாரையும் ஒன்றாகக் கூப்பிட்டு, இந்த மனிசனைக் கூப்பிடச் சொல்லுங்கோ என்று கெஞ்சினேன். ஆசாரியார் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, தன் வாங்கில் இருப்பதுபோல நின்றார்.

மனேச்சர் குருக்களிடம் ஏதோ சொன்னார். பிறகு சனத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். வயதான மனிதர், படியில் யாரோ கை கொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்றார். தூணடிக்கு வந்து நின்று, தொண்டையைச் செருமி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார். "குதிரை செய்த ஆசாரியார். வாங்கோ. வந்து கண் திறவுங்கோ." ஆசாரியார் கும்பிட்டார். அவரும் கும்பிட்டார். ஆசாரியார் என் கையிலிருந்த சிரட்டையையும் தூரிகையையும் வாங்கிக்கொண்டு திரைக்குள் போனார்.

நேரம் எடுத்தது. இரண்டு கறுமணி எழுத எவ்வளவு நேரம் போகும் என்று எனக்குத் தெரியும். அதைவிட மிகக் கூடுதலாக எடுத்தது. பிறகு மேளம் எழும்பியது, திரை விலகியது, சனம் அரோகரா என்றது. ஆசாரியார் என்னிடம் வந்து சிரட்டையை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். காலையில் நான் கரைத்த கறுப்பு அப்படியே, மேலே படிந்த ஆடைகூடக் கலையாமல் கிடந்தது. தூரிகையின் நுனி காய்ந்து கூராக இருந்தது. நான் குதிரையைப் பார்த்தேன். உயிருள்ள கண். இடது கண் கொஞ்சம் முன்னாலும் வலது கண் கொஞ்சம் கீழாகவும், தன்மேல் ஏறப்போகிறவர் யார் என்று அறிந்த குதிரை பார்க்கிற பார்வை. பழைய மையில் மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தது. அதைக் கண் எழுதுகிறவன்தான் கவனிப்பான், சனம் கவனிக்காது.

திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே நடந்தோம். சிரட்டை என் கூடையில் இருந்தது. "நீங்கள் எழுதேல்லை" என்றேன். "இல்லை" என்றார். "பத்து வருசம் அந்தக் கண்ணை நான் பாக்கேல்லை பெயின்ரர். மோசமாத்தான் எழுதியிருப்பான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். துணியை அவிட்டுப் பாத்தன். நல்ல கண். என்னாலை உப்பிடி எழுத ஏலுமோ எண்டு தெரியாது. ஏலும் எண்டாலும், அதை அழிச்சுப்போட்டு என்ரையை வைச்சால், எனக்குச் செய்ததைத்தான் நான் அவனுக்குச் செய்யிறன்." கொஞ்சத் தூரம் நடந்தபிறகு, "கூப்பிடவேணும் எண்டுதான் நிண்டனான். கூப்பிட்டாச்சு" என்றார். எனக்கு அழுகை வந்தது. சால்வை உதவியது.

அடுத்த நாள் பட்டறையில் அவராகவே கையை நீட்டி என் தூரிகையைக் கேட்டார். மீன்காரி ஒருத்திக்குக் கண் எழுதினார். என் வேலை போயிற்று என்று நான் பக்கத்தில் நின்றேன். எழுதி முடித்து வைத்தார். ஓலைக் கடகத்தோடு நின்ற மீன்காரி, அசுரனை வதைக்கப் புறப்பட்டவள் மாதிரி இரண்டு கண்ணும் பிதுங்க நேரே முறைத்தாள். வாகனக் கண்ணைத் தவிர அவர் கைக்கும் வேறு கண் வராது. ஏழு வருடமாக வாயால் அத்தனை நுணுக்கம் சொன்ன மனிதர்! பெண்பிள்ளைகள் சிரித்தபோது இந்தமுறை அவரும் சிரித்தார். "இந்தாரும், உம்மடை சாமான்" என்று தூரிகையைத் திருப்பித் தந்தார். அதற்குப் பிறகு நான்கு வாகனங்கள் செய்து நான்குக்கும் அவரே கண் திறந்தார். பொம்மைகளின் கண் எனக்கே இருந்தது.

அந்தக் குதிரைதான் அவரை விடவில்லை. திருவிழா பார்த்தவர்கள் சந்தியிலும் பஸ்ஸிலும் பிடித்து, "ஆசாரியார், குதிரையின்ரை கண் எண்டால் கண்தான்" என்பார்கள். "அது என்ரை இல்லை, இந்தியா ஸ்தபதியின்ரை கண்" என்பார் அவர். அவர்கள் என்னைப் பார்த்து, எவ்வளவு அடக்கமான மனிசன் என்று தலையாட்டுவார்கள். மனேச்சரிடம்கூட நேரே போய்ச் சொன்னார். மனேச்சர் அவர் கையைப் பிடித்து, பழையதை மறந்துவிடும்படி கேட்டுக்கொண்டார். சொல்லச் சொல்ல அவருடைய புகழ்தான் கூடியது. இது அவரை உண்மையாகவே வருத்தியது. ஒருமுறை உளியை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். "நான் சொன்னால் நம்பினம் இல்லை. நீர் சிரட்டையைப் பாத்தனீர். நீர் சொல்லும்."

ஆசாரியார் போய் இரண்டு வருடம். மனேச்சரும் இல்லை, இப்போது கோயிலைப் பார்ப்பவர் அவருடைய மகன். போன மாதம் என்னைக் கூப்பிட்டார். குதிரை நிற்கிற பலகையில் ஆசாரியாரின் பெயரை எழுதவேண்டும், "செய்து கண் திறந்தவர்" என்று எழுதவேண்டும் என்றார். ஒட்டுகிற எழுத்து வேண்டாம், கையால் எழுதினால்தான் மரியாதை என்றும் சொன்னார். நல்ல மனிதர். நான் சிரட்டையின் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, "ஆசாரியார் உங்களுக்கும் அதைத்தான் சொன்னவரோ?" என்றார். "அவர் சொன்னதை இல்லை, நான் கண்டதைச் சொல்லுறன்" என்றேன். நம்பவில்லை.

பலகையில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். "செய்தவர்" என்று எழுதி அதற்கு நேரே ஆசாரியாரின் பெயர். "கண் எழுதியவர்" என்று எழுதி அதற்கு நேரே வெறும் பலகை. மனேச்சரின் மகனுக்குக் கோபம். அடுத்த கொடியேற்றத்துக்கு முன் அந்த இடத்தை ஆசாரியாரின் பெயரால் நிரப்பவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பிடித்து எழுதுவிப்பேன் என்கிறார். வேறு ஆள் எழுதினால் நான் போய் அழிப்பேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்த ஸ்தபதியின் பெயர் கோயிலில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. கோபுரக் கணக்குப் புத்தகங்கள் கறையான் தின்றுவிட்டதாம். கும்பகோணம் பக்கம் என்று ஒருவர், காரைக்குடி என்று இன்னொருவர், இடது கைப் பழக்கம் என்று பூக்கட்டுகிற அம்மா. உரும்பிராயில் ஒரு கோயிலுக்குக் கோபுர வேலைக்கு இந்தியாவிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று நேற்றுக் கேள்விப்பட்டேன். குதிரையின் கண்ணைப் போனில் கிட்டப் பிடித்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குப் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, போய் ஒவ்வொருவரிடமும் காட்டி, இது யாருடைய கை என்று கேட்கப்போகிறேன்.